அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக், அலாமி, சிவகாசி காலண்டர்: எடுத்த படத்துக்கு எங்கே என்ன தேறும்?

கல்யாண ஆர்டர் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும், ஹார்டு டிஸ்க்கில் சும்மா கிடக்கும் படங்களை விற்றால் என்ன என்ற யோசனை ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களுக்கு வருவது இயல்பு. படங்களுக்கு ஆன்லைனில் உரிமம் விற்றுத் தரும் ஸ்டாக் தளத்தில் கணக்குத் தொடங்குவது சில நிமிட வேலை. பத்திரிகை ஆபீஸில் ஆளைப் பிடிப்பதும் சிவகாசி காலண்டர் அச்சகங்களுக்கு சாம்பிள் அனுப்புவதும் அவ்வளவு சுலபமில்லை. அதனால் கையில் இருக்கும் நல்ல படத்தையெல்லாம் பலர் முதலில் ஆன்லைனில் ஏற்றிவிடுகிறார்கள். வரிசை தவறுவது அங்கேதான். ஒரே படத்தைக் குறைந்த விலையில் பலருக்கும் விற்கும் மைக்ரோஸ்டாக் தளங்களில் ஒருமுறை விற்ற படத்தை, 'வேறு யாரிடமும் இல்லாத படம்' என்று சொல்லி அச்சுக்காரர்களிடம் விற்க முடியாது. அச்சில் நல்ல விலை கிடைப்பதே அந்த ஒரு வாக்குறுதிக்குத்தான். இந்த ரிவ்யூ அதை மனதில் வைத்து எழுதியது. மூன்று தளங்களையும், தமிழ்நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள காலண்டர், பத்திரிகை என்ற இரண்டு அச்சுச் சந்தைகளையும் காசுக் கணக்கோடு பார்ப்போம். டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறோம்.

அடோபி ஸ்டாக்கில் ஆரம்பிக்கலாம். மைக்ரோஸ்டாக் தளங்களில் நேரம் செலவிடத் தகுந்தது இதுதான். போட்டோவுக்கு ராயல்டி 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம். இந்த விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆண்டு பிறந்ததும் குறைந்துவிடாது. சந்தாதாரர் டவுன்லோடு செய்தால் குறைந்தபட்சம் 33 சென்ட் உறுதி. மொத்த டவுன்லோடு கூடக்கூட அந்தக் குறைந்தபட்சம் 38 சென்ட் வரை ஏறும். அதாவது ஒரு டவுன்லோடுக்கு ஏறக்குறைய 28 ரூபாய். எக்ஸ்டென்டட் லைசன்ஸ், அதாவது டி-ஷர்ட், போஸ்டர் போன்ற விற்பனைப் பொருளில் அச்சிடும் உரிமம், 79.99 டாலருக்குப் போனால் கைக்கு 26.40 டாலர் வரும். அது எப்போதாவதுதான் விழும், அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. பணத்தை எடுக்க 25 டாலர் சேர வேண்டும். 33 சென்ட் வீதம் அதற்கு 76 டவுன்லோடு தேவை. முதல் விற்பனை நடந்து 45 நாள் ஆகியிருக்கவும் வேண்டும்.

ஏற்றும் படம் ஜேபெக்காக, எஸ்ஆர்ஜிபி கலரில், 4 மெகாபிக்சலுக்குக் குறையாமல், 45 எம்பிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். 49 கீவேர்டு வரை கொடுக்கலாம். தேடலில் அதிக எடை முதல் 10 கீவேர்டுக்குத்தான். பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். தளம் தானாகப் போட்டுத் தரும் கீவேர்டுகளில் 'உணவு', 'பாத்திரம்', 'பாரம்பரியம்' போன்ற பொதுச் சொற்களே முன்னால் நிற்கும். அவற்றைத் தட்டித் தேடும் வாங்குபவருக்கு லட்சக்கணக்கான படங்கள் வந்து விழும், உங்கள் படம் எங்கோ அடியில் கிடக்கும். பொங்கல் பானைப் படத்துக்கு முதல் பத்தில் வர வேண்டியவை பொங்கல், தமிழ்நாடு, மண்பானை, பால் பொங்கி வழிதல், விறகடுப்பு, கரும்பு, மஞ்சள் கொத்து, அறுவடைத் திருநாள், தென்னிந்தியா, ஜனவரி ஆகியவை. இவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், 'பொங்கல்' மாதிரியான பெயர்ச்சொற்கள் அப்படியே இருக்கட்டும். படத்தில் கரும்பு இல்லையென்றால் கரும்பு என்ற கீவேர்டும் வேண்டாம். தேடிவந்தவர் வாங்காமல் போனால் நஷ்டம் அந்தப் படத்துக்குத்தான்.

ரிஜெக்ட் ஆவதற்கு இங்கே மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, ஒரே மாதிரிப் படங்கள். அடுத்தடுத்து கிளிக் செய்த எட்டு ஃப்ரேமையும் ஏற்றினால் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை திரும்பிவிடும். ஒரு செட்டிலிருந்து ஒரு அகலவாட்டுப் படம், ஒரு நெட்டுவாட்டுப் படம், ஒரு க்ளோசப் போதும். இரண்டாவது, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஃபோகஸ் தப்பியிருப்பது. பொங்கல் பானையில் எழும் ஆவி ஆட்டோஃபோகஸை ஏமாற்றும், பானையின் வாய் விளிம்பில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு எடுப்பது நல்லது. மூன்றாவது, அடுத்தவர் முத்திரை. அடுப்பின் மேல் கம்பெனிப் பெயர், ஓரத்தில் அரிசிப் பை, பின்சுவரில் ஜவுளிக்கடை காலண்டர், இதில் எது தெரிந்தாலும் படம் நிற்காது. முகம் அடையாளம் தெரிந்தால் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம், கட்டாயம். குழந்தையென்றால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால், கையெழுத்து வாங்குமுன் அதிலுள்ளதைத் தமிழில் எடுத்துச் சொல்வது நியாயம். 'உங்கள் படம் எந்த விளம்பரத்திலும் வரலாம்' என்பது கிராமத்துப் பாட்டிக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

ஷட்டர்ஸ்டாக் 2003-இல் தொடங்கியது. ஒருகாலத்தில் மைக்ரோஸ்டாக்காரர்களின் பிரதான வருமானமே இதுதான். 2020 ஜூன் 1 முதல் கணக்கு மாறியது. அதற்கு முன் சந்தா டவுன்லோடுக்கு 25 முதல் 38 சென்ட் கிடைத்தது. இப்போது ஆறு படிநிலை: முதல் 100 டவுன்லோடு வரை 15 சதவீதம், 250 வரை 20, 500 வரை 25, 2,500 வரை 30, 25,000 வரை 35, அதற்கு மேல் 40. ஜனவரி 1 ஆனதும் எல்லோரும் மறுபடி முதல் படிக்கே வர வேண்டும். குறைந்தபட்சத் தொகை 10 சென்ட்.

சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், சந்தா விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 750 படம், கட்டணம் 199 டாலர் என்ற சந்தாவை எடுத்துக்கொண்டால் ஒரு படத்தின் விலை 26.5 சென்ட். அதில் 15 சதவீதம் 4 சென்ட், எனவே குறைந்தபட்சமான 10 சென்ட் கிடைக்கும். ஆண்டுக்கு 25,000 டவுன்லோடு தாண்டிய ஆளுக்கும் 40 சதவீதம் என்பது 10.6 சென்ட்தான். அந்தச் சந்தாக்காரரிடம் புதியவருக்கும் பழம்பெருச்சாளிக்கும் கிட்டத்தட்ட ஒரே 9 ரூபாய். வாங்குபவர் முழு 750 படத்தையும் எடுக்காமல் விட்டாலும் மிச்சத்தொகை போட்டோகிராபருக்கு வராது. சின்னச் சந்தா, ஒற்றைப்பட விற்பனை ஆகியவற்றில் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எது வரும் என்பது நம் கையில் இல்லை.

இதில் நல்லதும் இருக்கிறது. ஏற்றிய படங்களின் பரிசீலனை வேகமாக நடக்கும், எடிட்டோரியல் படங்களை, அதாவது விளம்பரத்துக்கு அல்லாமல் செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும் பயன்படுபவற்றை, ஏற்பார்கள். கோயில் தேர், ஜல்லிக்கட்டு, மார்க்கெட் கூட்டம் என்று ரிலீஸ் வாங்க வழியில்லாத படங்களுக்கு எடிட்டோரியல்தான் வாசல். தலைப்பில் ஊர், நாடு, தேதி முதலில், பிறகு கோலன் போட்டு நடந்தது என்ன என்று எழுத வேண்டும்: 'மதுரை, இந்தியா - ஜனவரி 14, 2025: அவனியாபுரம்...' என்ற அமைப்பு. இந்த வரிசை பிசகினால் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வரும். எடிட்டோரியல் படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது. மின்கம்பியை அழித்துவிட்டு ஏற்றுவது விதிமீறல்.

2025 ஜனவரியில் கெட்டி இமேஜஸும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவித்தன. கெட்டியின் மைக்ரோஸ்டாக் தளமான ஐஸ்டாக்கில், எக்ஸ்க்ளூசிவ் அல்லாதவருக்கு, அதாவது வேறு தளங்களிலும் விற்பவருக்கு, போட்டோவில் 15 சதவீதம்தான். விற்கும் கடைகள் குறையக் குறைய போட்டோகிராபர் பேரம் பேசும் பலம் குறையும் என்பதால் இதைக் கவலையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அடோபியில் 200 படம் ஏற்றி ஆறு மாதம் பார்த்துவிட்டு, பிறகு ஷட்டர்ஸ்டாக் பக்கம் போகலாம்.

அலாமி வேறு ரகம். 1999-இல் பிரிட்டனில் தொடங்கியது, 2020 பிப்ரவரியில் பிஏ மீடியா குழுமம் வாங்கியது. வாடிக்கையாளர்களில் செய்தித்தாள், பாடப்புத்தகம், பயணநூல் பதிப்பாளர்கள் அதிகம். அதனால் 'காபி குடிக்கும் பெண்' இங்கே ஓடாது. 'கும்பகோணம் பித்தளைப் பட்டறையில் குத்துவிளக்கு வார்ப்பு' ஓடும். ஒரு விற்பனை சில டாலருக்கும் முடியும், நூறு டாலரைத் தாண்டியும் போகும். பங்கு மூன்று நிலை: கோல்டு 40 சதவீதம், ஆண்டு விற்பனை 25,000 டாலரைத் தொட்டால் பிளாட்டினம் 50, 250 டாலரையும் எட்டாவிட்டால் சில்வர் 20. நம்மூர் ஆட்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணை. நூறு படம் ஏற்றிவிட்டு மறந்துபோனால் சில்வருக்கு இறங்கிவிடுவோம். வெளிநாட்டு விநியோகஸ்தர் வழியாக விற்றால் அவர் பங்கும் கழியும்.

அலாமியின் தரச்சோதனை கண்டிப்பானது, அதே சமயம் நேர்மையானது. எந்தப் படம் அழகு என்று அவர்கள் பார்ப்பதில்லை, டெக்னிக்கல் குறை மட்டுமே பார்ப்பார்கள். சென்சார் தூசி, விளிம்பில் ஊதா நிறக் கசிவு, அதிகமாக இழுத்த ஷேடோவில் நாய்ஸ், சிறிய படத்தைப் பெரிதாக்கிய தடம், இப்படி ஒன்றைக் கண்டால் அந்த ஒரு படம் மட்டுமல்ல, வரிசையில் காத்திருக்கும் மற்றப் படங்களும் சேர்ந்தே தோற்கும். ஆகவே சந்தேகமான படத்தை நல்ல படங்களோடு கலக்கக் கூடாது. ஜேபெக் சுருக்கத்தை விரித்த நிலையில் ஃபைல் 17 எம்பி இருக்க வேண்டும் என்பார்கள். 8 பிட் படத்துக்கு அது ஏறக்குறைய 6 மெகாபிக்சல். 50 டேக் (கீவேர்டு) வரை போட்டு, அவற்றில் முக்கியமான 10-ஐ சூப்பர்டேக்காகக் குறிக்கலாம். ஊர்ப்பெயர், தெருப்பெயர், தாவரத்தின் அறிவியல் பெயர், கோயிலின் மாற்றுப்பெயர் என எல்லாம் டேக்கில் வரட்டும். பாடப்புத்தகக்காரர்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

குறை, காத்திருப்பு. விற்பனை என்று கணக்கில் காட்டிய தொகை, வாங்கியவர் பணம் கட்டிய பிறகுதான் 'க்ளியர்' ஆகும். மாதங்கள் ஆகலாம், சில சமயம் விற்பனையே ரத்தாகும். க்ளியரான தொகை 50 டாலர் சேர்ந்தால் பட்டுவாடா. மாத வாடகைக்கு இதை நம்ப முடியாது.

ஏஐ படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடோபி ஸ்டாக் 2022 முதல் லேபிள் ஒட்டிய ஏஐ படங்களை ஏற்கிறது. கைகுலுக்கல், சாலட் தட்டு, சூரிய அஸ்தமனம் போன்றவற்றை எடுத்து ஏற்றுவதில் இனி பலனில்லை. அந்த இடத்தைக் கணினி நிரப்பிவிட்டது. குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட நாளில் உண்மையில் நடந்ததைக் காட்டும் படத்துக்குத்தான் மதிப்பு மிச்சம். அதனால்தான் அலாமியும் அச்சும் இன்னும் முக்கியமாகின்றன.

சிவகாசிக்கு வருவோம். தினசரி, மாதக் காலண்டர்களின் புது மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். ஏஜென்ட்டுகள் அதைக் கொண்டுபோய்த்தான் நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடைகளில் ஆர்டர் பிடிப்பார்கள். டிசைனும் சாம்பிள் பிரிண்டும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஆகவே தையில் எடுத்த படத்தை மாசி, பங்குனிக்குள் காட்டுவதே சரி. ஆனியில் கொண்டுபோனால் அடுத்த வருஷத்துக்கு வாருங்கள் என்பார்கள்.

காலண்டர் படத்துக்கு அமைப்பே வேறு. தினசரி காலண்டரில் படத்துக்குக் கீழே தேதித்தாள் கட்டு ஒட்டுவார்கள், கடைப்பெயரும் முகவரியும் அச்சடிக்கவும் இடம் வேண்டும். பொங்கல் பானை ஃப்ரேமின் அடியில் இருந்தால் பானையின் மேலேயே தேதி வந்து உட்காரும். பானையும் பொங்கும் பாலும் மேல் பாதியில், கீழே கோலமோ வெறும் மண்தரையோ வருகிற மாதிரி நெட்டுவாட்டில் எடுத்த படம்தான் ஆல்பத்துக்குள் நுழையும். கண்ணுக்கு அடக்கமான கலரை விட, தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும் கலரையே கேட்பார்கள். அச்சில் அந்தக் கலர் வருமா என்பதுதான் கேள்வி. பட்டுப்புடவையின் கிளிப்பச்சை, மெஜந்தா, மின்னும் நீலம் ஆகியவை மானிட்டரில் தெரிகிற அளவுக்கு அச்சின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் வராது, அழுக்கடைந்த மாதிரி தெரியும். போட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சில் வரும் கலரைத் திரையிலேயே காட்டும் வசதியைப் போட்டு, பூச்சுள்ள கோட்டட் பேப்பருக்கான ஃபோக்ரா39 என்ற கலர் ப்ரொஃபைலில் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். நாமே சிஎம்ஒய்கே ஆக்கி அனுப்புவதை விட, அடோபி ஆர்ஜிபி டிஃப் ஃபைலையும் எதிர்பார்க்கும் கலரைக் காட்டும் ஒரு பிரிண்ட்டையும் கொடுத்துவிட்டு மாற்றத்தைப் பிரஸ்ஸிடம் விடுவது மேல். எந்த மெஷின், எந்தத் தாள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பத்திரிகைகளுக்கு அளவுக் கணக்கு முக்கியம். ஏ4 முழுப்பக்கம் 300 டிபிஐயில் 2480 x 3508 பிக்சல். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது அச்சுக்குப் பின் வெட்டிக் கழிக்கும் ஓரம், சேர்த்தால் 2551 x 3579. இரண்டு பக்கம் விரிந்த படமென்றால் 17 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும், அதிலும் நடுவில் பைண்டிங் மடிப்பு படத்தைத் தின்னும், அங்கே முகம் வரக் கூடாது. அட்டைப்படத்தில் மேல் கால்பகுதியைப் பத்திரிகைப் பெயருக்கு விட்டு எடுக்க வேண்டும். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சி விரியவிடும். அதனால் நான்கு மைகளையும் கூட்டிய மொத்த அளவை 240 சதவீதத்துக்குள் வைப்பார்கள், கோட்டட் பேப்பரில் 300-க்கு மேலும் தாங்கும். நாளிதழுக்கு அனுப்பும் படத்தில் ஷேடோவைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தால் கறுத்த முகங்கள் தப்பும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புவது பெரிய பிழை. நீளப்பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், 300 டிபிஐயில் அது 13.5 சென்டிமீட்டர்தான். ஃபைலில் எழுதிவைத்த பெயரும் காப்புரிமைத் தகவலும் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள்.

விலையை விட எழுத்து முக்கியம். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். எனவே 'எங்களுக்காக எடுத்துக் கொடுங்கள்' என்றால் ஷூட்டுக்கு முன்பே உரிமை யாருக்கு என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே எடுத்த படத்துக்கு உரிமம் கொடுப்பது அதைவிடப் பாதுகாப்பு. 19-ஆம் பிரிவின்படி, எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் பொருள். '2026 தினசரி காலண்டரில் ஒருமுறை, ஒரு டிசைன், தமிழ்நாடு மட்டும், ஆன்லைன் பயன்பாடு தனி' என்று நாலு வரி பில்லிலேயே இருந்தால் அதே படத்தை அடுத்த ஆண்டு இன்னொருவருக்குக் கொடுக்கலாம். பத்திரிகையென்றால் அச்சு இதழ், இ-பேப்பர், சோஷியல் மீடியா மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

ஆக, அந்தப் பொங்கல் பானை முதலில் காலண்டருக்கு. கொடுத்த எக்ஸ்க்ளூசிவ் காலம் முடியும் வரை வேறெங்கும் தலைகாட்டாது. அதே செட்டின் அகலவாட்டுப் படம் பத்திரிகையின் பொங்கல் இதழுக்கு. ஊர்ப்பெயரோடு பொருள்படும் எடிட்டோரியல் ஃப்ரேம்கள் அலாமிக்கு. க்ளோசப்பாக வெறும் பானை, பால், கரும்பு மட்டும் உள்ளவை அடோபிக்கு, சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, அதாவது அக்டோபரில். ஒரே ஃப்ரேமை எல்லா இடத்திலும் போடாமல், எடுக்கும்போதே நான்கு சந்தைக்கும் நான்கு விதமாக எடுப்பதற்குக் கூடுதலாக அரைமணி நேரம்தான் ஆகும். அந்த அரைமணியைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பணம் கைக்கு வரும் வழியிலும் ஓட்டைகள் உண்டு. உள்ளூர் நிறுவனம் இதைத் தொழில்முறைக் கட்டணமாகவோ ராயல்டியாகவோ எழுதினால், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். வேலை ஒப்பந்தம் என்று எழுதினால் தனிநபருக்கு 1 சதவீதம்தான். பில் எழுதும்போதே எது என்று பேசிக்கொள்வது நல்லது, பிடித்த தொகை பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேபால் வழியாக வரும் டாலருக்குச் சந்தை விலை கிடைக்காது, மாற்றும்போது சில சதவீதம் போகும். அடிக்கடி சிறு தொகையாக எடுத்தால் இந்த இழப்பு குறையாது.

அமெரிக்கத் தளங்களில் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைக் கணக்குத் தொடங்கிய அன்றே நிரப்ப வேண்டும். அதில் பான் எண்ணைக் கொடுத்து இந்தியா-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால், அமெரிக்க வாடிக்கையாளர் விற்பனையில் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் 30. படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டின் டிசம்பரோடு காலாவதியாகும், புதுப்பிக்க மறந்தால் மறுபடி 30-க்குப் போகும். பிடித்த வரியை இந்தியாவில் கட்டும் வரியில் கழிக்கலாம். அதற்குத் தளம் ஆண்டுதோறும் தரும் 1042-எஸ் சான்றை டவுன்லோடு செய்து ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும்.